வாய்க் குத்தகையும் ஓ.டி.பி.யும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனிதர்கள் மேல் வந்ததைவிடக் கணினித் திரைகள் மேல் வந்த கோபம்தான் என் ஆயுளில் அதிகம். மனிதனைத் திட்டினால் அவன் திருப்பித் திட்டுவான், அதோடு தீர்ந்துபோகும். திரை அப்படி இல்லை. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். என்ன தவறு, யார் செய்தது, பிறகு என்றால் எப்போது, ஒன்றுக்கும் பதில் கிடையாது.

இந்தச் சனியனோடு எனக்குப் பழக்கம் வந்தது வளைகுடாவில். மூட்டை தூக்கத்தான் ஒரு சாமான் கிடங்குக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். கொஞ்சம் ஆங்கிலம் வாசிப்பேன் என்று தெரிந்ததும் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, வந்த சரக்கையும் போன சரக்கையும் தட்டச் சொன்னார்கள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். கொண்டுவந்த பணம் அப்பாவின் வைத்தியத்தில் கரைந்தது. கொண்டுவந்த கணினி அறிவு மட்டும் கரையாமல் இன்றுவரை என் உயிரை வாங்குகிறது.

ஊரில் யாருக்கு எந்த இணையதளத்தில் என்ன வேலை என்றாலும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிறந்த தேதி கேட்கும் பக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் செய்தவன் நிச்சயம் சின்னப் பையனாகத்தான் இருக்க வேண்டும். நாள்காட்டி இன்றைய மாதத்தில் திறந்து நிற்கும். பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி. ஒரு அமுக்குக்கு ஒரு மாதம். விதவை உதவித்தொகைக்கு வந்த ஒரு அத்தைக்காக அப்படி அமுக்கி அமுக்கி அவர் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் நான் பொறக்கலையா தம்பி?" என்று கேட்டார். பிறக்கிற நேரத்தில் பக்கம் காலாவதியாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பிறக்கவைத்தேன்.

புகைப்படம் இவ்வளவுக்கு மேல் கனக்கக் கூடாது, இவ்வளவுக்குக் கீழே குறையவும் கூடாது என்பார்கள். குழந்தையைத் தராசில் வைத்தாற்போல் படத்தைச் சுருக்கி, பெருக்கி, மறுபடி சுருக்குவேன். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கடவுச்சொல் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருக்கும். கரண்ட் பில் கட்டும்போது 'தோல்வி' என்று காட்டும், ஆனால் வங்கியில் பணம் போயிருக்கும். நான் ஒருமுறை கைபேசியைச் சுவரில் அடித்திருக்கிறேன். என் மனைவி அதைப் பொறுக்கிக்கொண்டு, "அது என்னங்க பண்ணும், யாரோ செஞ்சு வச்சதுதான?" என்றாள். அந்த யாரோவைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். நெல் விஷயத்தை அப்படிச் சொல்ல எனக்கு வராது.

என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நாட்டின் கதவைத் திறந்துவிட்டோம் என்று பத்திரிகைகளில் எழுதிய வருடங்களில் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் ஏஜென்டுகள்தான். கும்பகோணத்தில் ஒருவர், திருச்சியில் ஒருவர். நான் வளைகுடா போனேன், அவன் சிங்கப்பூர் போனான். நான் பாதியில் திரும்பினேன். அவன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக ஒட்டிக்கொண்டான். கண்ணைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்த பணத்தில் எங்கள் ஊர் வாய்க்காலை ஒட்டி அரை வேலி, அதாவது பத்து மா, மூன்று ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கினான். பத்திரம் முடிந்த அன்றைக்கே எனக்குப் போன் செய்தான்.

"நீ பாத்துக்கடா. வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசில்ல."

"குத்தகை?"

"மாவுக்கு என்ன வழக்கமோ அதைக் குடு. வெளஞ்சாக் குடு."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். எழுதவில்லை, சாட்சி வைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான குத்தகை வாய்க் குத்தகைதான், அதற்குக் காரணமும் உண்டு. உழுகிறவன் பெயர் ஒருமுறை அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டால் அவனை நிலத்தைவிட்டு எழுப்புவது சுலபம் இல்லை. அதனால் நிலம் வைத்திருப்பவர்கள் எழுதித்தர மாட்டார்கள். உழுகிறவர்களும் கேட்க மாட்டார்கள், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். என் நண்பனின் அப்பா இப்படி உழுதவன் பெயர் பதிவில் ஏறிவிட்ட தன் நிலம் ஒன்றுக்காக ஆயுள் முழுக்கக் கோர்ட்டுக்கு நடந்தவர். என் அப்பா பதிவு இல்லாத குத்தகையில் பத்து மா உழுது, ஒரு நாள் காலையில் ஒரே வார்த்தையில் வெளியேற்றப்பட்டவர். எங்கள் இருவருக்கும் இரண்டு பக்க பயமும் தெரியும். தெரிந்ததால்தான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

வருடங்கள் நன்றாகவே போயின. புயல் வந்து பயிர் சாய்ந்த வருடம் அவனே கூப்பிட்டு, "விடுடா, இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை இல்லாமல்போன வருடங்களிலும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. ஊருக்கு வந்தால் வரப்பில் என் பின்னாலேயே நடப்பான். அண்ணன் தம்பிக்குள்கூட இப்படி இருக்காது என்று நான் நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

விளைந்த நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போடுவோம். அப்போதெல்லாம் கிராம நிர்வாக அலுவலரிடம், வயலில் யார் பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்கிப் போனால் போதும். எந்த வயலில் யார் உழுகிறான் என்று அவருக்கே தெரியும். அதிலும் அசிங்கங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்தார். "சார், நிலம் அவன்து, பயிர் என்து" என்றால் புரிந்துகொண்டு தலையாட்டுவார். பிறகு ஒரு வருடம், எல்லாவற்றையும் முதலில் இணையத்தில் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதிந்தால் கைபேசிக்கு ஒரு தேதி வரும். அந்தத் தேதிக்குத்தான் நெல்லை எடை போடுவார்கள்.

அந்த வருடம் சம்பா எங்களுக்கு அமோகமாக விளைந்திருந்தது. தை கடைசியில் மெஷினை விட்டு அறுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் சாலையோரப் பொட்டலில் கொட்டினேன். அங்கே எங்களுக்கு முன்பே பலபேர் குவியல் போட்டிருந்தார்கள். என் குவியலை இரண்டாகப் பிரித்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மகளுடைய கல்லூரிக்கட்டணம், கூட்டுறவுச் சங்கத்துக் கடன், மனைவியின் அடகு வளையல், அடுத்த போகத்துக்கு விதை, எல்லாம் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. இரவில் யாராவது அள்ளிவிடக் கூடாதென்று அங்கேயே படுத்துக்கொண்டேன். பகலில் பதிவு செய்ய இ-சேவை மையத்துக்குப் போனேன்.

மையத்தை நடத்தியது ஒரு பெண். பொறுமைசாலி. என் அவசரத்துக்கு ஈடுகொடுத்துப் பட்டா எண், சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தட்டினாள். பிறகு ஒரு இடத்தில் கை நின்றது.

"அண்ணே, சாகுபடி செய்யறது யாருன்னு கேக்குது. மூணுதான் இருக்கு. நிலத்துக்குச் சொந்தக்காரர், குத்தகைதாரர், கோயில் நிலக் குத்தகைதாரர்."

சொந்தக்காரர் என்று போட்டால் எடை போடும் நாளில் நண்பனே வந்து விரலை வைக்க வேண்டும். அவன் விரல் சிங்கப்பூரில் இருந்தது. கோயில் நிலம் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். சிநேகிதன் நிலத்தில் வாய்ப்பேச்சில் உழுகிறவன் என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் தாலுகாவில் பாதிப் பேர் அப்படித்தான் உழுகிறார்கள் என்று அந்தப் பக்கத்தைச் செய்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"குத்தகைதாரர்னே போடும்மா" என்றேன்.

போட்டாள். 'நில உரிமையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. சில நிமிடங்களுக்குத்தான் அந்த எண்ணுக்கு உயிர். நண்பன் ஊர் எண்ணையும் சிங்கப்பூரில் உயிரோடு வைத்திருந்தான். ஆனால் கப்பல் தளத்துக்குள் கைபேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே ஓடிவருகிறேன் என்றான். அவனுக்கு மத்தியானம் என்றால் நமக்குக் காலை. நான் மையம் திறக்கும் முன்பே போய்க் காத்திருந்தேன். அவன் ஓடிவந்த நேரத்தில் இணையதளம் திறக்கவில்லை. மறுநாள் திறந்தது, ஆனால் எண் அவனுக்கு வந்துசேர்வதற்குள் செத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் எண் வந்தது. அவன் அவசரத்தில் எண்ணை மட்டும் பார்த்துச் சொன்னான், நாங்கள் தட்டினோம். அதற்குக் கீழேயே கோணல்மாணலாக ஒரு படத்தைக் காட்டி, அதில் உள்ள எழுத்துகளை அடிக்கச் சொன்னது. அது பூஜ்யமா, ஓ-வா என்று நானும் அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் அழிந்துவிட்டது. பட்டா எண்ணிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். 'அளவுக்கு மேல் முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள்' என்றது.

"எத்தனை நாளாடா மாப்ள இந்தக் கூத்து?" என்று போனில் அவன் சிரித்தான். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. ரூம்லயே இருப்பேன். அன்னிக்கு வச்சுக்க."

அந்தப் பெண் எனக்காக ஞாயிற்றுக்கிழமையும் மையத்தைத் திறந்தாள். வானம் மூட்டம் போட்டிருந்தது. தளம் அன்றைக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கோணல் எழுத்துகளை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டோம். நண்பன் போனில் இருந்தான்.

"வந்துருச்சுடா. நம்பர் சொல்றேன், எழுதிக்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"சொல்லு."

"இரு. இதுல என்னமோ எழுதிருக்கே."

"அது எப்பவும் வர்றதுதான். நம்பரச் சொல்லு மொதல்ல."

"உங்க நிலத்துல குத்தகைதாரரா இவரைப் பதிவு செய்ய நீங்க சம்மதிக்கிறீங்கன்னு போட்ருக்குடா."

அந்த வார்த்தையை நான் அவனிடம் முன்பு சொல்லியிருக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. எனக்கு அது நெல்லைப் போட ஒரு வழி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் அறையில் கூட இருந்தவர் யாரோ ஏதோ கேட்டார். அவன் பதில் சொல்லாமல் என்னிடம், "ஒரு நிமிஷம் இருடா" என்றான். போன் துண்டிக்கப்பட்டது.

அவன் அந்த ஒரு நிமிடத்தில் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா கோர்ட்டு வாசலில் நின்றதை நினைத்திருப்பான். அந்தச் செய்தியின் அடியில், இதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் இங்கே அமுக்குங்கள் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அவன் அமுக்கிவிட்டான். எங்கள் திரை சிவப்பாக மாறியது. 'இந்தச் சர்வே எண் சர்ச்சைக்குரியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. இந்தப் பருவத்தில் கொள்முதல் செய்ய இயலாது.'

"என்னண்ணே இது?" என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"டேய், தெரியாம அமுக்கிட்டேன்டா. உறுதியான்னு ஒரு வார்த்தை கேக்கும்னு நெனச்சேன். கேக்கவே இல்ல, போயிருச்சு. அத எப்படித் திருப்புறது?"

திருப்ப முடியவில்லை. ஒரு அமுக்கில் பூட்டத் தெரிந்த அந்தத் தளத்துக்குத் திறக்கத் தெரியவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டுத் துண்டித்தது. மின்னஞ்சல் போட்டோம். 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்று ஒன்று வந்தது. மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொன்று வந்தது. திறந்து பார்த்தால் பூட்டு அப்படியே இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு ஓடினேன். நிலத்துக்காரர் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து சொன்னால்தான் எடுக்க முடியும் என்றார்கள்.

மழை செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. தை மாசி மழை எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் அப்படி நிற்காமல் பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. தேதி கிடைத்தவர்களுடைய நெல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நானும் மனைவியும் தார்ப்பாயின் ஓரங்களில் செங்கல்லை வைத்து, குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். கடைவீதியில் சிமெண்ட் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் நனையறீங்க? பாதியை நம்ம கெடங்குல போடுங்க, எடம் இருக்கு" என்றார். ஒரு குவியலை மூட்டை பிடித்து அங்கே கொண்டுபோய் அடுக்கினோம். மற்றதற்கு அங்கே இடம் இல்லை.

மூன்றாவது நாள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டேன். கொதிக்கிற சோறு மாதிரி சுட்டது. புளித்த வாடை வந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. விதைத்த நெல் முளைத்தால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு கிடையாது. அன்றைக்கு அந்தப் பிடியைச் சேற்றில் வீசினேன். என் மனைவி குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, அவங்க நம்மளத் திருடன்னு நெனச்சிட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. தெரியாம அமுக்கிட்டான்."

"தெரியாம அமுக்குனாலும் நெனச்சிட்டுத்தான அமுக்கிருப்பாங்க?"

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் காரணம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என்னைச் சந்தேகித்தது அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் கொடுத்தால் வெளியே வந்துவிடுகிற மாதிரி அந்தச் சந்தேகம் எத்தனை வருடமாக உள்ளே இருந்ததோ என்று அவள் என்னை யோசிக்கவைத்தது எனக்கு வலித்தது. முளைத்த நெல்லைக் கோழித்தீவனத்துக்கு என்று ஒரு வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனார். மகளுக்குப் போன் செய்து, இந்தப் பருவம் கட்டணம் கட்ட முடியாது, விடுதியைக் காலிசெய்துவிட்டு வா என்று சொன்னேன்.

கிடங்கில் இருந்த பாதி மட்டும் மிச்சம். கொள்முதல் நிலையத்தை மூட அதிக நாள் இல்லை. நண்பன் அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தான். நிலத்தின்மேல் 'சர்ச்சை' என்று ஒரு சொல் ஏறிக்கிடப்பதைப் பார்த்து அவன் மனைவி வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் நெல்லுக்காக வந்தானா, அவன் நிலத்துக்காக வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்காகவும்தான் வந்திருப்பான்.

காலையில் வந்து இறங்கியவன் குளிக்கக்கூடச் செய்யாமல் என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டான். முளைத்த நெல் கிடந்த பொட்டலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் என் தோளைப் பிடித்தான். மிதிபட்ட சேற்றில் பச்சையாக நாற்று மாதிரி வளர்ந்து நின்றது.

"மன்னிச்சுருடா" என்றான்.

"விடு. மெஷின்தான் கேக்காமப் பூட்டிருச்சு" என்றேன். அப்போது அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

தாலுகா அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தது ஒரு பெண் அலுவலர். நல்ல மாதிரி. எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். நண்பனின் விரலை வைக்கச் சொன்னார். வெல்டிங் தீப்பட்டுத் தேய்ந்த விரல், நாலைந்து தடவை வைத்த பிறகுதான் இயந்திரம் ஒத்துக்கொண்டது. சர்ச்சையை எடுத்துவிடலாம், நெல்லை உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளலாம், இப்போதே விரல் வைத்துவிட்டால் மறுபடி நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். எங்கள் இருவருக்கும் உயிர் வந்தது.

பிறகு அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரு கேள்வி மட்டும் இருக்கு சார். பதிவு பண்ண முயற்சி பண்ணுனாரே, இவரு. இவரு உங்க நிலத்துல யாரு?"

"ஃப்ரெண்டு மேடம்" என்றான் அவன், உடனே. அந்த உடனே எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"அது இல்லை சார் இதுல. மூணுதான் இருக்கு. குத்தகைதாரர், கூலியாள், ஆக்கிரமிப்பாளர்."

"உறவுக்காரர்னு போட முடியாதா?"

"இல்லை சார். நான் என்ன பண்ணட்டும்? இதுல ஒண்ணு போட்டாத்தான் சர்ச்சை எடுபடும்."

ஆக்கிரமிப்பாளர் என்றால் வழக்கு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். மிச்சம் இரண்டு. நான் அவனைப் பார்க்கவில்லை. மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயலில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த வரப்பை எலி குடையும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். புயலில் சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டியது நான். வாய்க்காலில் முறைத் தண்ணீருக்கு அடிதடி போட்டு மண்டை உடைந்தது எனக்கு. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

"கூலிக்கு வேலை பாக்குறவரு, மேடம்."

மிகவும் மெதுவாகச் சொன்னான். அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. "என்ன சார்?" என்றார். அவன் மறுபடி, இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது.

"கூலியாள்தான்."

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஒத்துக்கறீங்களா?" என்றார். எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமேடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பாய் கிடங்கில் மிச்சம் இருந்த மூட்டைகளும், விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியிருந்த மகளும் என்னை எழுந்திருக்கவிடவில்லை.

"ஒத்துக்கறேங்க" என்றேன்.

அவர் அதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். போகவில்லை. மறுபடி அமுக்கினார். திரையை உற்றுப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"கூலியாள்னு போட்டா தினக்கூலி எவ்வளவுன்னு கேக்குது சார். நிரப்பலைன்னா நகர மாட்டேங்குது."

"சும்மா ஏதாவது போடுங்க மேடம்" என்றான் அவன்.

அவர் பூஜ்யம் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. "அப்படி நானா போட முடியாது சார், உங்க கையெழுத்துல போறது. எவ்வளவு குடுக்குறீங்க?" என்று அவனைக் கேட்டார். அவன் சிங்கப்பூரிலிருந்து இறங்கி வந்தவன், ஊரில் அப்போது கூலி என்ன என்று அவனுக்குத் தெரியாது. தலையைக் குனிந்தபடி என் பக்கம் திரும்பினான்.

எங்கள் பக்கத்தில் அந்த வருடம் ஆம்பளைக் கூலி என்னவோ அதை நான்தான் சொன்னேன். அவர் தட்டினார். பக்கம் நகர்ந்தது.